நல்ல தண்ணீர் வந்த காணி

போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதில் எங்கள் கிணற்றைப் பற்றி ஒரே ஒரு வரிதான் வந்தது. அதை வாசித்த ஒருவர், நான் தட்டச்சு செய்யும் கொமினிக்கேசன் கடைக்கு அடையாள அட்டை பிரதியெடுக்க வந்த இடத்தில், "பிள்ளை, அந்தக் கிணறு இப்பவும் இருக்கோ?" என்று கேட்டார்.

இருக்கிறது. எங்களிடம் இல்லை, அவ்வளவுதான். அவருக்கு நின்று கதை சொல்ல எனக்கு நேரமிருக்கவில்லை. வரிசையில் ஆட்கள் நின்றார்கள். இங்கே சொல்கிறேன்.

ராஜி அக்கா அந்தக் கிணற்றுத் தண்ணீரை முதன்முதலாகக் குடித்தது ஒரு ஆவணி மாதக் காலை. கோயில் திருவிழாக் காலம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் வான் வண்டிகள் எங்கள் சண்டிலிப்பாய்க் கிராமத்துக் குறுகிய ஒழுங்கைகளிலெல்லாம் புகுந்து திரும்ப முடியாமல் நின்ற நாட்கள். ராஜி அக்கா கனடாவில் இருப்பவர். நாங்கள் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்த காணி அவருடைய தகப்பனாருடையது. தகப்பனார் காலமாகி ஒரு வருசம் ஆகியிருந்தது.

அவர் வானிலிருந்து இறங்கியதும் நான் எவர்சில்வர் தம்ளரை இரண்டு தரம் கழுவி, தண்ணீர் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் குடித்தார்.

"இது எங்கடை காணித் தண்ணியோ? நான் சின்னனாயிருக்கேக்கை இஞ்சத்தைத் தண்ணியை வாயிலை வைக்கேலாது. சவர். மாடும் குடிக்காது."

என் கணவர் குணம் சிரித்தார். அவர் யாரோடு கதைத்தாலும் முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பித்தான் பார்ப்பார். "இப்ப நல்ல தண்ணி அக்கா," என்றார்.

ராஜி அக்கா இன்னொரு தம்ளர் வாங்கிக் குடித்தார். அவரோடு வந்திருந்த காணித் தரகர் கைத்தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "எனக்கும் ஒருக்காத் தாங்கோ" என்றார். அவர் குடிக்கும்போது கண்ணை மூடவில்லை. தெருப் பக்க எல்லையைப் பார்த்துக்கொண்டே குடித்தார். குடித்து முடித்துவிட்டு, வெறும் போத்தல் ஏதும் இருக்குமா என்று கேட்டார்.

நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

கல்லுக் காணி

எங்களுக்கு அந்தக் காணி கிடைத்தது ஒருவரும் அதைக் கேட்காததால். பத்துப் பரப்பு, அரை ஏக்கரைவிடக் கொஞ்சம் கூட. சண்டை முடிந்து, நாங்கள் முகாமிலிருந்து வெளியே வந்து, மகள் தாரணியை இடுப்பில் வைத்துக்கொண்டு உறவுக்காரர் வீடுகளில் மாறி மாறி இருந்த காலம். குணத்துக்குத் தோட்ட வேலை தவிர வேறொன்றும் தெரியாது. சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. அவருடைய தகப்பனாருக்கும் இருக்கவில்லை. தகப்பனாரும் மற்றவர்களுடைய வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைத்தே போய்ச் சேர்ந்தவர்.

கொக்குவிலில் ராஜி அக்காவின் தகப்பனார் தனியாக இருந்தார். நாங்கள் அவரைப் பெரியையா என்று சொல்வோம். மதில் வீடு, பின்னால் ரயில் பாதை. ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும். அவர்தான் சொன்னார்: "சண்டிலிப்பாயிலை ஒரு துண்டு சும்மா கிடக்குது. முழுக்கக் கல்லு. ஏலுமெண்டால் செய்."

போய்ப் பார்த்தோம். செம்மண் நாலு விரல் ஆழம். அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல். நடுவில் ஒரு பழைய கிணறு, உப்புத் தண்ணீர். நான் குணத்தின் முகத்தைப் பார்த்தேன். அவர் அலவாங்குக் கம்பியால் ஒரு கல்லைக் கெம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூலையில் தகரக் கொட்டில் போட்டோம். அலவாங்கும் பிக்கானும் கொண்டு அவர் உடைப்பார், நான் பனையோலைக் கடகத்தில் அள்ளி எல்லையோரம் கொட்டுவேன். முதல் மூன்று வருசம் எங்களுடைய விளைச்சல் கல்தான். பிறகு அயலில் மாட்டுக்காரரிடம் எரு வாங்கி, பூவரசங்குழை வெட்டி நிலத்துக்குள் தாழ்த்து, மண்ணை மண்ணாக்கினோம். பக்கத்துத் தோட்டக்காரர் இரக்கப்பட்டுத் தன் கிணற்றிலிருந்து கிழமைக்கு ஒருநாள் இறைக்க விட்டார். அந்த ஒருநாள் தண்ணீருக்கு என்ன பயிர் வருமோ அதை வைத்தோம்.

கீரிமலையில் வந்த யோசனை

ஓர் ஆடி அமாவாசைக்குக் குணம் தன் தகப்பனாருக்குக் கடன் கழிக்கக் கீரிமலைக்குப் போனார். நானும் போனேன். கேணியில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு படியில் இருந்தவர் எழும்பவேயில்லை. சனம் நெரிபடுகிறது, ஐயர் கூப்பிடுகிறார், இவர் மதிலுக்கு அங்காலே அடிக்கிற கடலைப் பார்க்கிறார், குனிந்து கேணித் தண்ணீரை அள்ளி நாக்கில் வைக்கிறார், திரும்பக் கடலைப் பார்க்கிறார்.

"சுகந்தி, கடலுக்குப் பக்கத்திலையே நல்ல தண்ணி வருது. எங்கடை காணியிலை ஏன் வராது?"

"அது கோயில் தண்ணி."

"தண்ணிக்கு என்ன கோயில்? அது எங்கையோ வழி பாத்து வருது. பழைய கிணறு ஆழம் கூடிப்போச்சு, அதுதான் சவர். நல்ல தண்ணி மேலாலை ஓடும். வேறை இடத்திலை வெட்டவேணும்."

இடத்தை அவர் ஒரு கோடை முழுக்கப் பார்த்துப் பிடித்தார். எங்கும் காய்ந்து கிடக்கையில் வடகிழக்கு மூலையில் ஒரு பாய் அகலத்துக்குப் புல் மட்டும் பச்சையாக நின்றது. அங்கே வெட்டலாமா என்று கேட்கக் கொக்குவிலுக்குப் போனோம். பெரியையா சிரித்தார். "உனக்கென்ன விசரே? வெட்டன், ஆர் வேண்டாமெண்டது."

மெசின் பிடித்து வெட்டுவிக்க எங்களுக்கு வழியில்லை. இரண்டு கோடை அவர் கையால் வெட்டினார். நான் மேலே நின்று கயிற்றில் கடகத்தை இழுப்பேன். தாரணி பள்ளிக்கூடம் விட்டு வந்து பூவரச நிழலில் இருந்து வாய்ப்பாடு சொல்லுவாள், கிணற்றுக்குள்ளிருந்து தகப்பன் பிழை திருத்துவார்.

கண்

இதை நான் சுருக்கமாகத்தான் சொல்வேன்.

இரண்டாம் கோடையின் கடைசியில், கல் ஈரமாகத் தொடங்கிய நேரம், ஒரு சில்லுத் தெறித்து அவருடைய இடக்கண்ணில் பட்டது. மேலே வந்தார், கண்ணைக் கழுவினார், சிவந்து வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அடுத்தநாள் எங்களுடைய இறைப்பு முறை. அந்த முறையை விட்டால் பக்கத்துக்காரர் இன்னொரு கிழமைக்குப் பிறகுதான் தண்ணீர் விடுவார், நட்டு எட்டு நாளான வெங்காயம் கருகிப்போகும். "நாளைக்கு இறைச்சிட்டுப் போவம்," என்றார். இறைத்த அன்று பின்னேரம் காய்ச்சல். மூன்றாம் நாள்தான் போனோம்.

டொக்டர் ஒரு இளம் பெண். கோபத்தோடு கேட்டார், "ஏன் முதல் நாளே வரேல்லை?" அவருக்கு நான் என்னவென்று சொல்வது? வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டோம் என்று சொன்னால், எங்களைப் பைத்தியக்காரர் என்றுதான் நினைத்திருப்பார்.

பார்வை திரும்பவில்லை. வெங்காயம் தப்பியது.

இரண்டு மாதம் கழித்துக் கட்டுப் பிரித்த கண்ணோடு திரும்பவும் இறங்கினார். நான் கத்தினேன், அழுதேன். கேட்கவில்லை. நாலாம் நாள் கீழேயிருந்து கூப்பிட்டார். கடகத்தில் கல் வரவில்லை, ஒரு தகரப் பேணி வந்தது. அதற்குள் கலங்கல் தண்ணீர். குடித்துப் பார்த்தேன். உப்பில்லை.

ரெண்டு பரப்பு

அந்தத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோய்ப் பெரியையாவிடம் கொடுத்தோம். அவர் குடித்துவிட்டுக் கதிரையை விட்டு எழும்பி வந்து, குணத்தின் கண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"கிணத்தடிப் பக்கமா ரெண்டு பரப்பு உனக்குத்தான். நான் எழுதித் தாறன்," என்றார்.

வெறும் பேச்சாக அவர் சொல்லவில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அவருக்கு வயது போயிருந்தது. காணி உறுதி எழுத நொத்தாரிசிடம் போக ஒரு நாள் குறிப்பார், அன்றைக்கு மழை பெய்யும், அல்லது அவருக்குச் சளி பிடிக்கும். பிள்ளைகளிடமும் சொல்லவேண்டும் என்பார். நாங்கள் நெருக்கிக் கேட்கவில்லை. எங்களைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தருகிற மனிதரிடம் "எப்ப எழுதுவியள்?" என்று எப்படிக் கேட்பது?

அந்த இரண்டு பரப்பு எங்களுக்கு எவ்வளவு தேவை என்பது வெளியில் இருப்பவர்களுக்கு விளங்காது. அரசாங்க வீட்டுத் திட்டம் வந்தது. கிராம அலுவலரான விதானையார் எங்கள் கொட்டிலுக்கே வந்து, தகரத்தின் ஓட்டைகளைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தான் முதல் தரவேணும்" என்றார். அடுத்த கேள்வி, "காணி உறுதி இருக்கோ?" இல்லை. சொந்தக் காணி இருந்தால்தான் வீடு. உறுதி இருந்தால்தான் மின்சாரம் எங்கள் பெயரில். நான் கடையில் இருந்து மற்றவர்களுக்கு எத்தனையோ விண்ணப்பம் தட்டச்சு செய்து கொடுத்தேன். அவற்றில் ஒன்றையாவது எங்களுக்கு நிரப்ப முடியவில்லை. காணியின் விபரம் என்ற கட்டத்திலேயே நின்றுவிடும்.

கிணறு வந்த பிறகு நாலைந்து வருசம் தோட்டம் நன்றாக வந்தது. பீற்றூட், கத்தரி, வெங்காயம், ஒரு பக்கம் புகையிலை. பிறகு நாடு முழுக்க உரம் இல்லாத வருசம், மண்ணெண்ணெய் வரிசை. இறைப்பு மெசினுக்கு எண்ணெய் இல்லாமல், வாளியால் அள்ளி ஊற்றிக் கொஞ்சத்தைக் காப்பாற்றினோம். அதற்குள்தான் பெரியையா போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டில் குணம் பந்தலுக்கு வெளியே நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

கொக்குவிலில் ஒரு பின்னேரம்

தரகர் போத்தலில் கொண்டுபோன தண்ணீர் யாரிடம் போனது என்று எனக்குத் தெரியாது. பத்து நாளுக்குள் ராஜி அக்கா எங்களைக் கொக்குவிலுக்கு வரச் சொன்னார்.

கதிரையில் இருத்தினார். தேத்தண்ணி, கேக். அவர் நேரே கதைக்கத் தொடங்கியது எனக்குப் பிடித்தது.

"குணம், என்னிலை கோவிக்காதையும். அப்பா சொன்னது எனக்குத் தெரியும். போனிலை எனக்குச் சொன்னவர். ஆனா நாங்கள் பிள்ளையள் நாலு பேர். அப்பா சொன்ன நேரம் அந்தக் காணிக்கு விலையே இல்லை. ரெண்டு பரப்பெண்டா ஒருத்தரும் ஏனெண்டு கேட்டிருக்க மாட்டினம். இப்ப பரப்பு என்ன விலை போகுதெண்டு உமக்குத் தெரியும்தானே."

"தெரியும் அக்கா."

"வாங்கிற ஆள் கலியாண மண்டபம் கட்டப்போறார். கிணறில்லாமல் வேண்டாம் எண்டு நிக்கிறார். உங்கடை ரெண்டு பரப்புக்குள்ளைதான் கிணறு வருது."

குணம் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் அன்றைக்கு ஒரேயொரு வார்த்தைதான் கதைத்தேன்.

"அந்தத் தண்ணி வந்தபடியாத்தானே அக்கா அந்த விலை?"

ராஜி அக்கா கேக் தட்டைக் கீழே வைத்தார். "ஓம் சுகந்தி. அது எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறீரோ?" என்றார். பிறகு அழத் தொடங்கிவிட்டார். மற்ற மூன்று பேரோடும் போனில் சண்டை பிடித்ததாகச் சொன்னார். பொய் சொல்லவில்லை. எழும்பி உள்ளே போய்க் காசு வைத்த ஒரு என்வலப்பும், சொக்கிளேற்றும் சேட்டும் சவர்க்காரமும் போட்ட ஒரு பையும் கொண்டுவந்து தந்தார். குணம் இரண்டு கையாலும் வாங்கினார்.

திரும்பி வரும்போது ரயில் கடவை பூட்டியிருந்தது. மோட்டார் சைக்கிளில் நான் பின்னால். கொழும்பு ரயில் போய்க்கொண்டிருந்தது. குணம் திரும்பாமலே சொன்னார்:

"அவ அழுதவ, பாத்தனியோ? பாவம்."

எனக்கு அந்த இடத்திலேயே இறங்கி நடந்து போகவேண்டும் போல இருந்தது. இறங்கவில்லை.

பிறகு

நட்டிருந்த வெங்காயத்தைக் கிண்டும்வரை தவணை தந்தார்கள். கிண்டி முடித்துக் கொட்டிலைப் பிரித்தோம். ஒரு வீட்டின் பின்பக்க அறையை வாடகைக்கு எடுத்தோம். அடுத்த கிழமை ஜேசிபி வந்து மேல்மண்ணை வழித்தது. பன்னிரண்டு வருசத்து உழைப்பில் எருவும் குழையும் சேர்ந்த மண். உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றி, வீடுகளின் பூமரத்துக்கு விற்றார்கள். அடியில் திரும்பவும் அதே வெள்ளைக் கல்.

குணம் கூலி வேலைக்குப் போகத் தொடங்கினார். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. செருப்பில் சீமெந்து ஒட்டியிருந்ததைப் பார்த்து ஒருநாள் கேட்டேன்.

"மண்டபத்திலைதான்," என்றார். "கிணத்திலை அள்ளிக் குழைச்சுக் குடுக்கிற வேலை. பக்கத்திலை வேறை வேலை இல்லை."

தாரணி அந்த வருசம்தான் உயர்தரப் பரீட்சை எழுதினாள். ஒரே அறையில் மூன்று பேர். அவளுக்காக வெளிச்சத்தைப் போட்டால் தகப்பன் தூங்க முடியாது, தூங்காமல் வேலைக்குப் போனால் கலவையோடு சாரத்தில் ஏறி நிற்க ஒற்றைக் கண் போதாது. ஒரு பாடத்தில் தவறிவிட்டாள். திரும்ப எழுது என்றேன். "பாப்பம் அம்மா," என்று சொல்லிவிட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக் கடையில் சேர்ந்தாள். இப்பவும் அங்கேதான் நிற்கிறாள். வேலை நேரத்தில் கதிரையில் இருக்க விடமாட்டார்களாம். இரவில் கால் வீங்கியிருக்கும்.

நான் அடித்த கடதாசி

இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான். தம்பிமார் இருவரும் வெளிநாட்டில். ஒருநாள் கடைக்கு வந்து கேட்டார், "சுகந்தி, உம்மடை அவருக்குத் தண்ணி பாக்கத் தெரியுமாமே? எங்கடை எட்டுப் பரப்பு சும்மா கிடக்குது. கல்லுத்தான். மூண்டு வருசத்துக்குக் குத்தகை வேண்டாம். கிணறு ஒண்டு வெட்டிச் செய்யட்டுமன்."

வீட்டில் சொன்னேன். குணத்தின் முகத்தில் ஒரு வருசமாகப் பார்க்காத வெளிச்சம். அன்றைக்கே போய்க் காணியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

எனக்குப் பயம். வேலை முடிந்து எல்லோரும் போனபின் கடையில் இருந்து ஒரு பக்கம் அடித்தேன். பத்து வருசம் எங்களைக் காணியிலிருந்து எழுப்பக்கூடாது. அதற்குமுன் எழுப்பினால் கிணறு வெட்டிய செலவைத் தரவேண்டும். இரண்டே இரண்டு விசயம். மரியாதையாகத்தான் எழுதினேன்.

ரீச்சர் கண்ணாடி போட்டு வாசித்தார். ஒரு எழுத்துப் பிழையைப் பேனையால் திருத்தினார். பிறகு தாளை மடித்து என் கையிலேயே தந்தார்.

"எங்களிலை நம்பிக்கை இல்லையோ?"

"அப்பிடியில்லை ரீச்சர். முந்தி ஒருக்கா..."

"விளங்குது. ஆனா உதிலை கையெழுத்து வைச்சா, காணியிலை ஆக்களுக்கு உரிமை வந்திடும் எண்டு தம்பியவை என்னோடை சண்டைக்கு வருவினம். எனக்கேன் உந்தத் தொல்லை?"

குணம் இடையில் பாய்ந்தார். "கடதாசி வேண்டாம் ரீச்சர். அது இவ அடிச்சது. நாங்கள் சும்மா செய்யிறம்."

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "இல்லைக் குணம். இனி அது சரிவராது. ரெண்டு பக்கமும் மனதிலை ஒண்டு கிடக்கும்," என்றார். எங்களைப் படலை வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

குணம் இருபது வருசத்தில் என்னோடு உரத்துக் கதைத்தவரில்லை. அன்றைக்கும் உரத்துக் கதைக்கவில்லை. "கடதாசி அடிக்கிற பொம்பிளை," என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு பல நாள் நான் போட்ட சோற்றைத் தின்றார், என்னோடு கதைக்கவில்லை. நான் செய்தது சரியா பிழையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சரியென்றால் ஏன் எல்லாம் போனது? பிழையென்றால் வேறு எதைச் செய்திருக்கவேண்டும்?

இரண்டு மாதம் போயிருக்கும். சைக்கிளில் கடைக்குப் போகும் வழியில் ரீச்சரின் காணிக்குள் ஆட்கள் நிற்பதைக் கண்டேன். புதிதாகக் கலியாணம் முடித்த ஒரு சோடி. பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை. கல் நிறைந்த கடகத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"தங்கச்சி, ரீச்சரோடை ஏதும் எழுதினனீங்களோ?"

"இல்லை அக்கா. ரீச்சர் நல்லவ. காலமை தேத்தண்ணியும் தந்துவிட்டவ."

புருசன் உள்ளேயிருந்து கேட்டான், "ஆரது?"

"கொமினிக்கேசன் அக்கா." அவள் என் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அண்ணையை ஒருக்கா வரச் சொல்லுங்கோவன். எங்கை வெட்டினால் நல்ல தண்ணி வருமெண்டு அவருக்குத் தெரியுமாம்."

வீட்டில் வந்து சொன்னேன். குணம் அடுத்தநாள் விடிய எழும்பி அங்கே போய்விட்டு, வேலைக்குப் போகும் நேரத்துக்குத் திரும்பி வந்தார். கால் கழுவிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"எங்களுக்கு நடந்ததைச் சொன்னனீங்களோ?"

"சொன்னனான். எல்லாம் சொன்னனான்."

"என்ன சொன்னவை?"

"பொடியன் கேட்டுக்கொண்டு நிண்டவன். பிறகு, 'எங்களுக்கு வேறை எங்கை அண்ணை காணி கிடக்கு?' எண்டு கேட்டவன்."

துவாயை எடுத்துக் கால் துடைத்தார்.

"அதுக்குப் பிறகுதான் இடத்தைக் காட்டினனான்."